பண்டார வன்னியன் மரபும் சிற்றிங் புல்லின் சொற்களும் – ஓர் ஒப்புநோக்கு

தோற்றவனின் வரலாற்றை வென்றவனின் எழுத்திலே தேடவேண்டிய நிலை உலகில் அரிதன்று. முல்லைத்தீவு மாவட்டத்துக் கற்சிலைமடுவில் நின்ற சிறு நினைவுக்கல் இதற்கு ஈழத்துச் சான்றாகும். 1803 ஒக்டோபர் 31 ஆம் நாள், அவ்விடத்தை அண்டி, கப்டன் வொன் டிறிபேர்க் பண்டார வன்னியனைத் தோற்கடித்தான் என்பதே ஆங்கிலத்தில் அது கூறிய செய்தி. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதம் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியவனை மடக்க மூன்று திசைகளிலிருந்து படைகள் ஏவப்பட்டன. அவற்றுளொன்று திருகோணமலையிலிருந்து சென்றது. அக்கல்லில் வன்னியனின் பெயருண்டு, குரலில்லை. 2010 இல் அதுவும் உடைக்கப்பட்டது.

இல்லாத குரலைப் பிற்காலத் தமிழிலக்கியம் ஆக்கியளித்தது. முல்லைமணியின் நாடகமும் மு. கருணாநிதியின் நாவலும் இவ்வகையில் நினைக்கத்தக்கன. ஆயினும் மேடை மரபில் வளர்ந்த வன்னியன் அடுக்குமொழியில் முழங்குபவன். காட்டையும் குளத்தையும் வயலையும் நம்பி வாழ்ந்த ஒரு குடித்தலைவன் இவ்வாறு பேசியிருப்பானா என்ற வினாவை அம்முழக்கம் எழவிடுவதில்லை. கைதட்டல் பெறும் வசனம் பாத்திரத்தை விழுங்கிவிடுகிறது.

வட அமெரிக்க லக்கோட்டா மக்களின் தலைவன் தத்தாங்கா இயோத்தாக்கே, அதாவது சிற்றிங் புல், இதற்கு மாறான இன்னலுக்கு உள்ளானவன். அவன் பெயரில் வழங்கும் சொற்கள் ஏராளம். ஆனால் அவை பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் வாயாலும் பத்திரிகையாளர் பேனாவாலும் வந்தவை. 1877 இல் கனடாவின் வோல்ஷ் கோட்டையிலே, சரணடையுமாறு கேட்டுவந்த அமெரிக்கத் தூதுக்குழுவுக்கு அவன் அளித்த மறுப்பும் அத்தகையதே. எனினும் மொழிபெயர்ப்பைக் கடந்தும் அதன் பொருள் தெளிவு: நிலம் பண்டமன்று. அலங்காரம் கழிந்த பின்னரும் எஞ்சும் இவ்வுறுதியே ஒரு தலைவனின் சொல்லை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் எனலாம்.

காட்டிக்கொடுப்பு என்னும் கூறு இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. பண்டார வன்னியன் கதையில் வஞ்சகனாக வருபவன் காக்கை வன்னியன். யாழ்ப்பாண வைபவமாலையிலோ, ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, சங்கிலியைப் பறங்கியரிடம் ஒப்புவித்தவனும் காக்கை வன்னியனே! ஒரே பெயர் இரு வீழ்ச்சிகளுக்கும் காரணமாவது, அவன் வரலாற்று மாந்தனாக அன்றி இலக்கிய உருவாகவே நிலைத்துவிட்டமையைக் காட்டுகிறது. தோல்வியைத் தனியொருவனின் இழிகுணத்தில் இறக்கிவைப்பது எளிது. பீரங்கியையும் வரிமுறையையும் நிருவாகத்தையும் ஆராய்வது கடினம். சிற்றிங் புல்லை 1890 டிசம்பர் 15 அன்று கைதுசெய்யச் சென்று சுட்டவர்களும் அவன் இனத்தவரான காவலரே. ஆனால் அவர்களை அங்கு நிறுத்தியது ஒதுக்குநிலம், பங்கீட்டு உணவு, முகவராட்சி ஆகியவற்றாலான ஓர் ஒழுங்கு. அதனை விளக்காது காவலனை மட்டும் பழிக்கும் எழுத்து அரைகுறையானது. நம் நாடகாசிரியர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

லக்கோட்டா மரபு மேடையோடு நின்றுவிடவில்லை. கருங்குன்றுகளைப் பறித்தமைக்கு நட்டஈடாக 1980 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் பத்துக்கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையை உறுதிசெய்தபோது, அம்மக்கள் அதனை ஏற்க மறுத்தனர். குன்றுகளே வேண்டும் என்றனர். கொட்டியாரத்துக் கிளிவெட்டியிலும் இதனையொத்த மறுப்பொன்று நிகழ்ந்தது. 2006 இல் சம்பூரிலிருந்து பெயர்க்கப்பட்டோர் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமிலே தகரக் கூரையின்கீழ் ஆண்டுகளைக் கழித்தனர். மாற்றுக்காணி தருவதாகக் கூறப்பட்டபோது பலர் மறுத்து, தம் ஊரையே கேட்டுநின்றனர். 2015 இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்ட பின்னரே மீளும் வழி திறந்தது. அவர்கள் கேட்டது ஒரு வரிக்குள் அடங்குவது. அடுக்குமொழி அதில் இல்லை. பண்டார வன்னியனுக்குப் புதிதாக வசனம் எழுத முனைவோர் முதலிற் செவிகொடுக்கவேண்டியது கிளிவெட்டியிற் பேசப்பட்ட அத்தமிழுக்கே.