கத்திப்பாராவின் வளையங்கள்

வலப்பக்கம் போக வேண்டுமா? பாலத்தைத் தாண்டிப்போய் இடப்பக்கமாக முக்கால் வட்டம் சுற்றுங்கள். 1916-இல் அமெரிக்காவின் ஆர்தர் ஹேல் காப்புரிமை பெற்ற இந்தக் குறும்பான யோசனைதான் குளோவர் இலைச் சந்திப்பு. சென்னை கத்திப்பாராவுக்கு அது 2008-இல் வந்து சேர்ந்தது. சிக்னல் கிடையாது. வளையத்தில் உடம்பு லேசாகச் சாயும் அந்தச் சில நொடிகள் எனக்குப் பிடிக்கும். புதியவர்தான் பாவம், ஒரு பிரிவைத் தவறவிட்டால் போரூர் போக வேண்டியவர் கிண்டியில் நிற்பார்.

இதன் உண்மையான கோளாறு வளையங்களுக்கு நடுவே இருக்கிறது. ஒன்றிலிருந்து வெளியே வருபவரும் அடுத்ததற்குள் நுழைபவரும் சிறு தூரத்துக்குள் தடம் மாறிக்கொள்ள வேண்டும். நெரிசல் நேரத்தில் ஹாரன் அலறுவது அங்கேதான். நிலத்தையும் ஏராளமாக விழுங்கும். கத்திப்பாராவில் பாலத்தடியில் கடைகளைத் திறந்து அதில் கொஞ்சத்தை மீட்டிருக்கிறார்கள்.