இரவல் குரலும் இசை நாடகமும்

மேடையில் பேர்பெற்ற இசை நாடகம் ஒன்று திரைக்கு வரப்போகிறது என்ற செய்தி பரவியதும் இரசிகர் உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். மேடையில் நடித்தவரே திரையிலும் நடிக்கவேண்டும் என்பர் ஒரு சாரார். மேடைக்கு ஏற்ற முகம் வேறு, திரைக்கு ஏற்ற முகம் வேறு என்பர் மற்றொரு சாரார். எந்தப் பாட்டை நீக்குவார்களோ, எந்தக் காட்சியைச் சிதைப்பார்களோ என்று அஞ்சுவோரும் உண்டு. படம் எடுக்கப்படுமுன்னே, ஏன், எடுக்கப்படுமா என்பதே உறுதியாகுமுன்னே நடக்கும் இவ்வழக்கை வேலையற்றோர் வாதம் என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அது முறையன்று. ஒரு கலைப் படைப்பின் உயிர் எங்கே இருக்கிறது என்ற வினாவே இவ்வழக்குகளின் அடியில் கிடக்கிறது. வழக்காடுவோர் அவ்வினாவை நேராக எழுப்புவதில்லை. அதனாலேயே பெரும்பாலும் தவறான இடத்தில் தீர்ப்பைத் தேடுகின்றனர்.

இதற்குச் சிறந்த சான்று 'மை ஃபேர் லேடி' என்ற இசை நாடகம் படமான வரலாறு.

ஆங்கில நாடகப் பேரறிஞர் ஜார்ஜ் பெர்னார்ட் ஷா எழுதிய 'பிக்மேலியன்' 1913-ஆம் ஆண்டு வியன்னா நகரில் முதன்முதல் அரங்கேறியது. இலண்டன் தெருவில் பூ விற்கும் எலைசா என்னும் ஏழைப் பெண்ணின் கொச்சைப் பேச்சை, ஒலியியல் அறிஞர் ஹிக்கின்ஸ் உயர்குலத்தார் பேச்சாக மாற்றிக் காட்டுவதே அதன் கதை. அதனை ஆலன் ஜே லெர்னரும் பிரெடரிக் லோவும் இசை நாடகமாக்கினர். 1956 மார்ச் 15-ஆம் நாள் நியூயார்க்கில் அரங்கேறிய அந்நாடகம், 1962 செப்டம்பர் வரை அந்நகரில் மட்டும் 2,717 முறை நடந்தது. ஹிக்கின்ஸாக ரெக்ஸ் ஹாரிசன் நடித்தார். எலைசாவாக நடித்த ஜூலி ஆண்ட்ரூஸ் அரங்கேற்றத்தின்போது இருபது வயது மங்கை. நாடகத்தின் இசைத்தட்டு அமெரிக்காவில் இலட்சக்கணக்கில் விற்றது. நியூயார்க்கை எட்டிப் பாராதவரும் தம் வீட்டுக் கூடத்திலேயே ஆண்ட்ரூஸின் குரலைக் கேட்டனர். எலைசா என்றால் அக்குரல், அக்குரல் என்றால் எலைசா என்று ஆகிவிட்டது.

இந்நிலையில் படமுதலாளி ஜேக் வார்னர் 55 இலட்சம் டாலர் கொடுத்துப் படமாக்கும் உரிமையை வாங்கினார். அந்நாளில் அது கேட்டறியாத தொகை. எலைசாவாக நடிப்பவர் யார் என்ற வழக்கு உடனே மூண்டது. ஆண்ட்ரூஸ் அதுவரை ஒரு திரைப்படத்திலேனும் நடித்தவரல்லர். அவரை நம்பி இத்துணைப் பெரும் பொருளைப் போடுவதற்கு வார்னர் துணியவில்லை. உலகெங்கும் அறிந்த ஆட்ரி ஹெப்பர்னைப் பத்து இலட்சம் டாலர் ஊதியத்துக்கு அமர்த்தினார். ஹாரிசனோ தம் பாத்திரத்தில் நிலைத்தார். அப்பாத்திரத்தை ஏற்குமாறு முதலில் அழைக்கப்பெற்ற கேரி கிராண்ட், அது ஹாரிசனுக்கே உரியது என்று மறுத்துவிட்டார். ஆசிரியர் மேடையிலிருந்தே வந்தார். மாணவி மட்டும் மாற்றப்பட்டாள்.

இரு சாராரின் வாதத்திலும் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்ட்ரூஸின் பக்கம் நின்றவர்கள், அப்பாத்திரம் ஒத்திகை நாள் முதல் அவருடைய தொண்டையிலேயே வளர்ந்தது என்றனர். அது மெய். பாடுபவரின் குரலெல்லையும் மூச்சும் அறிந்தே நாடகக்காரர் தம் படைப்பைச் செப்பம் செய்கின்றனர். எதிர்ச் சாராரோ, மேடை நாடகம் ஒருவரோடு முடிந்துவிடுவதன்று என்றனர். அதுவும் மெய்யே. அந்த ஆறாண்டுகளில் நியூயார்க் மேடையில் எலைசாவாக நடித்தவர் ஆண்ட்ரூஸ் ஒருவரே அல்லர். அவர் விலகிய பின்னும் நாடகம் நடந்தது. மேடைக்கு மாற்றம் இயல்பு என்றால், திரைக்கு வேறொருவர் வருவதைக் குற்றம் என்பது எவ்வாறு பொருந்தும்?

ஆயினும் ஒரு வேறுபாட்டை இவர்கள் கருதவில்லை. மேடையில் ஒருத்தி மாறினால், அவளுடைய முகமும் பேச்சும் பாட்டும் ஒருங்கே மாறுகின்றன. புதிய எலைசா முழு எலைசாவாகவே வருகிறாள். திரையில் நேர்ந்தது அதுவன்று. ஹெப்பர்ன் பாட்டுக்களைப் பயின்று பாடிப் பதிவும் செய்தார். ஆனால் அவற்றுட் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, மார்னி நிக்சன் என்ற பாடகியின் குரலைச் சேர்த்தனர். 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் டெபரா கெர்ருக்கும், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' படத்தில் நடாலி உட்டுக்கும் முன்னரே இரவல் குரல் தந்தவர் இவர். முகம் ஒருவருக்கு, குரல் மற்றொருவருக்கு என்று எலைசா இரண்டாகப் பிளக்கப்பட்டாள்.

ஏனைய கதைகளில் இது சிறு குறையாகப் போகலாம். இக்கதையில் அவ்வாறு விட்டுவிட இயலாது. குரலே இங்குக் கதைப்பொருள். ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரும் ஒலி மாறும்போது அவளுடைய வாழ்வே எப்படி மாறுகிறது என்பதைத்தான் ஷா ஆராய்ந்தார். பூக்காரியின் கரகரப்பு எந்த இடத்தில் தேய்கிறது, சீமாட்டியின் தெளிவு எந்த இடத்தில் தோன்றுகிறது, சினம் மூண்டவுடன் பழைய கொச்சை எப்படி மீண்டும் பீறிடுகிறது என்பவற்றைக் காது கொடுத்துக் கேட்பதே இந்நாடகத்தின் சுவை. படத்தில் ஹிக்கின்ஸைப் பழிவாங்குவதாக எலைசா பாடும் பாட்டைக் கூர்ந்து கேட்போர் ஒன்றை உணரலாம். சினக் குரல் கரடுமுரடாக எழும் பகுதி ஹெப்பர்னுடையது. மெட்டு உயரும் பகுதி நிக்சனுடையது. ஒரே பாட்டுக்குள் ஒரு பெண் மறைந்து மற்றொரு பெண் தோன்றுகிறாள். இருவரும் திறமையுடையவரே. எனினும் கதை கேட்கும் மாற்றம் வேறு, ஒலிப்பதிவுக் கூடம் செய்த மாற்றம் வேறு.

ஹாரிசனுக்கு நேர்ந்ததையும் இதனோடு ஒப்புநோக்க வேண்டும். அவர் பாட்டைப் பாதி பேச்சாகவே சொல்பவர். முன்கூட்டிப் பதிவு செய்த பாட்டுக்கு வாயசைத்தல் தமக்கு இயலாது என்று அவர் கூறவே, அவருடைய கழுத்துப் பட்டைக்குள் கம்பியில்லா ஒலிவாங்கியை மறைத்துவைத்துப் படப்பிடிப்பின்போதே பதிவு செய்தனர். ஆகவே ஹிக்கின்ஸின் பேச்சும் பாட்டும் ஒரே மூச்சில் வருகின்றன. கற்பிக்கும் ஆடவனின் குரல் சிதையாமல் காக்கப்பட்டது. கற்கும் பெண்ணின் குரல் வெட்டி ஒட்டப்பட்டது. இயக்குநர் ஜார்ஜ் கியூக்கரின் திறமையும் செசில் பீட்டன் வகுத்த ஆடையழகும் கண்ணை நிறைக்கின்றன. ஆனால் படத்தின் நடுவில் உள்ள இப்பிளவைக் காது மறப்பதில்லை.

படம் 1964-இல் வெளிவந்தது. 1965 ஏப்ரலில் அதற்கு எட்டு ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. ஹாரிசன் சிறந்த நடிகரானார். ஹெப்பர்னின் பெயரோ போட்டிப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. அதே இரவில் 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்காகச் சிறந்த நடிகை என்ற பரிசைப் பெற்றவர் ஜூலி ஆண்ட்ரூஸ். இரசிகருள் ஒரு சாரார் அறம் வென்றது என்று மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சியில்தான் பிழை நேர்ந்தது. தாம் மறுத்தாலும் அப்பாத்திரம் ஆண்ட்ரூஸுக்குப் போகாது, வேறொரு திரை நடிகைக்கே போகும் என்பதை அறிந்த பின்னரே ஹெப்பர்ன் அதனை ஏற்றார். அவர்மீது சினந்தது வீண். மேலும், இரு நடிகையரை எதிரெதிர் நிறுத்திக் கட்சி கட்டியவர்களுள், மூன்றாவது பெண்ணொருத்தியை நினைத்தவர் எத்தனை பேர்? எலைசாவின் பாட்டுக்களைப் பாடிய மார்னி நிக்சனின் பெயர் படத்தின் பெயர்ப் பட்டியலில் இல்லை. அதே 1964-இல் நியூயார்க் சிட்டி சென்டர் மேடையில், தம் சொந்த முகத்தோடும் சொந்தக் குரலோடும் எலைசாவாக நடித்தவர் அவர் என்பதை எண்ணும்போது இவ்வநீதி இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது.

அப்படியானால் இரவல் குரலே குற்றமா? இவ்வினாவுக்கு விடை கூறத் தமிழருக்குத் தனித் தகுதி உண்டு. தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்கமே மேடை இசை நாடகத்தில்தான். தியாகராஜ பாகவதரும் சின்னப்பாவும் மேடையில் பாடிப் பழகிய குரலோடு திரைக்கு வந்தவர்கள். பாடத் தெரியாதவருக்கு அந்நாளில் கதாநாயகர் வேடம் கிடைப்பது அரிது. பின்னர் நிலை மாறிற்று. மேடையில் நெடுங்காலம் வாழ்ந்த வள்ளி கதையை ஏ. வி. மெய்யப்ப செட்டியார் 1945-இல் 'ஸ்ரீவள்ளி' என்று படமாக்கியபோது, முருகனாக நடித்த டி. ஆர். மகாலிங்கம் தாமே பாடினார். வள்ளியாக நடித்த ருக்மிணியின் பாட்டுக்குப் பி. ஏ. பெரியநாயகியின் குரல் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவில் ஹிக்கின்ஸுக்கும் எலைசாவுக்கும் நேர்ந்தது, ஏறத்தாழ இருபது ஆண்டு முன்னரே தமிழ்நாட்டில் முருகனுக்கும் வள்ளிக்கும் நேர்ந்துவிட்டது!

ஆனால் அதன்பின் இரு நாட்டுப் பாதைகளும் பிரிந்தன. தமிழ்ப் படவுலகில் பின்னணிப் பாட்டு ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. பாடியவர் பெயரை இசைத்தட்டு தாங்கியது, வானொலி அறிவித்தது. பி. சுசீலாவின் குரல் பல நடிகையரின் முகங்களில் ஒலித்தும், அது சுசீலாவின் குரல் என்பதைப் படம் பார்ப்போர் அறிந்தே சுவைத்தனர். 1968-ஆம் ஆண்டுப் படங்களுக்காக இந்திய அரசு பின்னணிப் பாடகிக்கென முதன்முதல் வழங்கிய தேசிய விருதும் 'உயர்ந்த மனிதன்' படப் பாட்டுக்காக அவரையே அடைந்தது. அமெரிக்கப் படவுலகமோ இரவல் குரலை ஒரு மறைபொருளாகவே வைத்துக்கொண்டது. ஒளித்து வைத்ததனாலேயே அது களவு போல் ஆயிற்று. தமிழர் கண்ட வழி, குரல் தந்தவருக்கு நீதி செய்தது. எனினும் ஒன்றை மறுத்தற்கில்லை: பெயர் சொல்லிவிட்டதனால் மட்டும் எலைசாவின் பிளவு கூடிவிடாது. ஒன்று உழைப்புக்குச் செய்யும் நீதி. மற்றொன்று கதைக்குச் செய்யும் நீதி. இரண்டும் வேறு.

பிற்காலத்தார் இதிலிருந்து ஓரளவு பாடம் கற்றனர். 2012-இல் 'லே மிசராப்ல' இசை நாடகம் படமானபோது நடிகர்கள் படப்பிடிப்புக் களத்திலேயே பாடினர். உணர்ச்சிக்கு அது துணைசெய்தது. ஆயினும் சிலருடைய குரல் பாட்டின் அளவுக்குப் போதவில்லை என்ற குறையும் எழுந்தது. சொந்தக் குரல் என்பதே தகுதியாகிவிடாது என்பதற்கு அது சான்று. 2003-இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'விக்கிட்' நாடகம், படமாகும் என்று 2012-இல் அறிவிக்கப்பட்டும் பல்லாண்டு தடைப்பட்டு, 2024-இலும் 2025-இலும் இரண்டு படங்களாக வெளிவந்தது. அவ்விடைக்காலம் முழுவதும் யார் நடிப்பது என்ற வழக்கு ஓயவில்லை. ஒரு நாடகத்தை இரண்டாக வெட்டலாமா என்ற வழக்கு பின்னர் வந்து சேர்ந்தது. முடிவில் சிந்தியா எரிவோவும் அரியானா கிராண்டேயும் பெரும்பாலான பாட்டுக்களைக் களத்திலேயே பாடி நடித்தனர். மேடையில் அப்பாத்திரங்களை முதன்முதல் ஏற்ற இடினா மென்செலும் கிறிஸ்டின் செனோவெத்தும் முதற் படத்தில் சிறு வேடங்களில் தோன்றி வாழ்த்தினாற்போல் நின்றனர். மூத்தோரை மதித்துக்கொண்டே இளையோருக்கு வழிவிடும் முறையும் உண்டு என்பது தெளிவாயிற்று.

ஆகவே, இனி ஓர் இசை நாடகம் திரைக்கு வருமா என்று வழக்காடும் இரசிகர்கள், 'யார் நடிப்பது?' என்பதை இரண்டாம் வினாவாக வைத்துக்கொள்வது நலம். 'இந்நாடகத்தில் பாட்டு என்ன வேலை செய்கிறது?' என்பதே முதல் வினா. பாட்டு வெறும் அணியாக நிற்கும் நாடகத்தில் இரவல் குரல் பொருந்தும். பாடியவர் பெயரை மட்டும் மறைத்தல் கூடாது. பாட்டே பாத்திரத்தின் வளர்ச்சியாக அமைந்த நாடகத்திலோ, பேசுபவரும் பாடுபவரும் ஒருவராய் இருத்தல் வேண்டும். அவர் மேடையிலிருந்து வந்தாலும் சரி, புதியவராயினும் சரி.

'மை ஃபேர் லேடி'யில் ஒரு காட்சி உண்டு. எலைசா நடனவிருந்தில் வென்று திரும்புகிறாள். ஆடவர் இருவர் அவ்வெற்றி தம்முடையதே என்று ஒருவரையொருவர் பாராட்டிப் பாடுகின்றனர். உழைத்த பெண்ணோ ஒரு மூலையில் பேசாது நிற்கிறாள். அவளை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எட்டுப் பரிசுகளைப் பெற்ற அப்படம், தன் கதைக்குள்ளேயே இருந்த இந்தப் பாடத்தைத் தன் பாடகி திறத்தில் மறந்துவிட்டது. வழக்காடிய இரசிகர்களும் மறந்துவிட்டனர்.