கோட்டையும் புறக்கோட்டையும்: கொழும்பின் புகையிரதச் சந்தி பற்றிச் சில குறிப்புகள்

இலங்கைப் புகையிரத வரலாறு பற்றி எழுதியோருட் பலர் அதனை ஆளுநர்களின் வரலாறாகவோ இயந்திரங்களின் வரலாறாகவோதான் நோக்கியுள்ளனர். 1858இல் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டியமையும், 1864 டிசெம்பர் 27இல் முதல் வண்டி அம்பேபுஸ்ஸவுக்குச் சென்றமையும் தவறாது குறிக்கப்படும். கட்டடங்கள் பற்றிப் பேசுமிடத்து, கோட்டைப் புகையிரத நிலையத்தின் முகப்பு மன்செஸ்ரர் நகரின் விக்ரோறியா நிலையத்தை ஒத்தது என்று சொல்லுவதோடு அவர்களது ஆராய்ச்சி முற்றுப்பெற்றுவிடும். ஒரு கட்டடம் எதனைப் போன்றது என்பதைவிட, அது எதன்பொருட்டு அவ்விடத்தில் எழுந்தது, இன்று அதனைப் பயன்படுத்துவோர் யாவர் என்பனவே முதன்மையான வினாக்கள் என நாம் கருதுகின்றோம்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். கோட்டைப் புகையிரத நிலையம் கோட்டையில் இல்லை, புறக்கோட்டையில் உள்ளது. ஒல்லாந்தர் காலத்தில் மதிலுக்குள்ளே கம்பனியும் அதன் படையும் இருந்தன. மதிலுக்கு வெளியே சந்தையும் குடிமக்களும் இருந்தனர். இப்பிரிவினையைத் தமிழ்ப் பெயரிணை இன்றுவரை பேணி வருகின்றது. ஆங்கிலேயர் வழங்கிய ‘பெற்றா’ என்ற பெயர்கூட நமது ‘பேட்டை’யின் திரிபேயாகும். கோட்டை மதில்கள் 1869 முதல் 1871 வரையான காலத்தில் இடிக்கப்பட்டன. இன்றுள்ள நிலையக் கட்டடம் திறக்கப்பட்டதோ 1917இல். மதில் வீழ்ந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் பெயர் சந்தைத் தெருவின் தலைமேல் ஏறி நின்றது. இதனை வெறும் பெயர்த் தவறு என்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. வங்கிகளும் ஏற்றுமதிக் கம்பனிகளும் குடியிருந்த பகுதியை முன்னிட்டே நகரின் தலைவாயில் கற்பிக்கப்பட்டது. அவ்வாயிலைத் தினமும் நிரப்பியவர்களோ புறக்கோட்டையின் மக்கள்.

அமைப்பினை நோக்கின் இவ்வுண்மை மேலும் துலங்கும். கொழும்பின் முதலாவது நிலையம் 1865இல் மருதானைப் பக்கமாகத் திறக்கப்பட்ட ‘கொழும்பு ரேமினஸ்’ ஆகும். அதன் நோக்கத்தில் ஒளிவுமறைவு இருக்கவில்லை. மலைநாட்டுக் கோப்பியை மாட்டுவண்டிகளால் காலத்துக்குத் துறைமுகம் சேர்க்க முடியவில்லை என்று தோட்டத் துரைமார் இடையறாது முறையிட்டு வந்தனர். பாதை 1867இல் கண்டியை அடைந்தது. இரண்டே ஆண்டுகளில் கோப்பிச் செடியை நோய் பற்றியது வரலாற்றின் கேலி எனலாம். கோப்பிக்கென இட்ட பாதையைத் தேயிலை சுவீகரித்துக்கொண்டது. 1908இல் மருதானை நிலையமும் 1917இல் கோட்டை நிலையமும் இன்றைய வடிவைப் பெற்றன. இவற்றை இரு நிலையங்கள் எனக் கொள்வதிலும், நடந்தே கடக்கக்கூடிய தூரத்தில் இரு முனைகளைக் கொண்ட ஒரே சந்தி எனக் கொள்வதே பொருந்தும். பிரதான பாதை வண்டிகளும், இறாகமையிற் பிரியும் புத்தளப் பாதை வண்டிகளும், களனிவெளி வண்டிகளும், கரையோரப் பாதை வண்டிகளும் இக்குறுகிய இடைவெளிக்குள்ளேதான் சந்திக்கின்றன.

ஆயினும் இச்சந்திப்பு பிரயாணியை மனத்திற் கொண்டு திட்டமிடப்பட்டதன்று. களனிவெளிப் பாதை இதற்குச் சிறந்த சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது 762 மில்லிமீற்றர் ஒடுக்கப் பாதையாக இடப்பட்டது. பிரதான பாதையின் அகலமோ 1676 மில்லிமீற்றர். மருதானையில் இரண்டும் அருகருகே வந்தன. எனினும் ஒன்றன் பெட்டி மற்றதன் தண்டவாளத்தில் உருள இயலாது. ஒவ்வொரு பயிர்ப் பகுதிக்கும் மலிவான ஒரு வழி என்பதே அக்காலக் கணக்கு. வழிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கணக்கு அதில் இடம்பெறவில்லை. களனிவெளிப் பாதை அகலப் பாதையாவதற்கு 1990கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கோட்டை நிலையத்தின் நிலையும் இத்தகையதே. நெடுந்தூர வண்டிகள் புறப்படும் இடமாதலால் அதனை முடிவிடம் என்றே பலரும் எண்ணுவர். அமைப்பில் அது ஊடுசெல்லும் நிலையமாகும். ஒருபுறம் தண்டவாளங்கள் மருதானையை நோக்கிச் செல்ல, மறுபுறம் அவை கொம்பனித்தெரு வழியாகக் கடலோரம் சேர்கின்றன. பிரதான கட்டடம் தண்டவாளங்களின் ஒரு பக்கத்தில் ஒல்கொட் மாவத்தையை நோக்கி நிற்கின்றது. ஆகவே வண்டி மாறுவோரும் வெளியேறுவோரும் மேம்பாலத்தில் ஏறி இறங்கியே ஆகவேண்டும். முகப்பின் அழகைப் புகழ்ந்த அறிஞர்கள் இம்மேம்பாலத்தைப் பற்றி ஒரு வரிதானும் எழுதாதது நமக்கு வியப்பளிக்கின்றது. காலை எட்டு மணிக்கு நிலையத்தின் உண்மையான மையம் அதுவேயன்றோ!

இவ்விடத்தில் முற்போக்கு அணியினர் சிலரோடும் நாம் மாறுபட வேண்டியுள்ளது. புகையிரதம் ஏகாதிபத்தியச் சுரண்டலின் கருவி என்று கூறி அமைந்துவிடுவோர், உண்மையின் பாதியையே கூறுகின்றனர். இந்தியாவில் இருப்புப் பாதை நவீன கைத்தொழிலின் முன்னோடியாகும் என மார்க்ஸ் 1853இலேயே எதிர்வுகூறினார். நமது நாட்டில் கைத்தொழில் அவ்வாறு வளரவில்லை. எனினும் தொழிலாளர் தோன்றினர். 1912இல் புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1923இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் கொழும்பு பொது வேலைநிறுத்தத்தைக் கண்டது. குமாரி ஜயவர்த்தன 1972இல் வெளியிட்ட ஆய்வு இப்போராட்டங்களை விரித்துரைக்கின்றது. பயிரைக் கடலுக்குக் கொண்டுசெல்லவென அமைந்த சந்தி மனிதரை மனிதரோடு சேர்த்துவிட்டது. அதனை அமைத்தோர் இதனை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். 1980 யூலை வேலைநிறுத்தத்தின்பின் ஏறத்தாழ 40,000 அரச ஊழியர் வேலை இழந்தமையையும் இத்தொடர்ச்சியிலேயே வைத்து நோக்குதல் வேண்டும்.

வடபகுதி மக்களுக்கு இந்நிலையம் வேறொரு பொருளையும் தந்துள்ளது. 1905இல் வடபாதை காங்கேசன்துறையைத் தொட்டதன்பின், யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் உத்தியோக வாழ்வு கோட்டை மேடையிலேயே தொடங்கியது. விடுமுறைக்கு ஊர் திரும்பியதும் அங்கிருந்துதான். 1956 ஏப்பிரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு யூனில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. தலைநகருக்கு வரும் வழி விரைவான அதே வேளையில், தலைநகரில் உத்தியோகம் பெறும் வழி ஒடுங்கலாயிற்று. இவ்விரு செய்திகளையும் வெவ்வேறு அதிகாரங்களில் எழுதும் வழக்கத்தை நமது வரலாற்றாசிரியர் கைவிடுதல் நன்று. 1990 முதல் 2014 ஒக்டோபர் 13 வரை யாழ்ப்பாணத்துக்கு வண்டி இருக்கவில்லை. அக்காலம் முழுவதும் வண்டியின் பெயரில் மட்டும் யாழ் நிலைத்திருந்தது.

முதலாவது ரேமினஸ் நிலையம் 2009இல் அரும்பொருட் காட்சியகமாயிற்று. 2014இல் அக்காட்சியகம் கடுகண்ணாவைக்குப் பெயர்ந்தது. மாலபேயிலிருந்து கோட்டைக்கு இலகு புகையிரதம் ஒன்றினை யப்பானியக் கடனுதவியோடு அமைக்கும் திட்டம் 2020இல் கைவிடப்பட்டது. அத்திட்டம் பற்றிய வாதங்களில் கடனும் செலவுமே மேலோங்கி நின்றன. களனிவெளி வண்டியில் வந்திறங்கி, புறக்கோட்டையில் பேருந்து பிடிக்க ஓடும் கடைச் சிப்பந்தியும் தையற்பெண்ணும் அந்த மேம்பாலத்தில் எத்தனை நிமிடம் நெரிபட்டு நிற்கின்றனர் என்ற கணக்கை அவ்வாதங்களில் எவரும் முன்வைத்ததாக நாம் காணவில்லை.