வேடிக்கை பார்க்க ஆளில்லாத ஊர்

கோயம்புத்தூர் என்றால் மில்லும் மோட்டாரும் மருத்துவமனையும்தான் என்று நினைப்பவர்கள் ஒரு வருடம் எங்கள் கணபதியில் வந்து குடியிருந்து பார்க்கவேண்டும். அப்பப்பா, எத்தனை கொண்டாட்டம்!

போகியன்று சத்தி ரோட்டோரம் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் குவிந்துவிடும். வாங்கிவந்து வாசலில் காப்புக் கட்டினால்தான் எங்களுக்குப் பொங்கல். தைப்பூசத்துக்குக் காந்திபுரத்தில் பஸ் பிடித்து மருதமலை. மாசியில் கோனியம்மன் தேர். ராஜவீதியிலிருந்து தேர் நகர்ந்ததும் ஜனம் உப்பை அள்ளி அதன்மேல் வீசும். ஒப்பணக்கார வீதிப் பள்ளிவாசல் முன்னால் முஸ்லிம் அன்பர்கள் தண்ணீர் பாட்டில்களை நீட்டுவார்கள். அந்த வெயிலில் அதை வாங்கிக் குடித்தவர்களுக்குத் தெரியும், இந்த ஊரின் மனசு எப்பேர்ப்பட்டது என்று.

ஆனி மாதம் பேரூர்க் கோயிலின் நாற்று நடவு! பாட வரும் சுந்தரருக்குக் கொடுக்கக் கையில் காசில்லாமல், பட்டீசுவரரும் பச்சைநாயகியும் வயலில் நாற்று நடப் போய்விட்டார்களாம். அதை வருடாவருடம் வயலில் இறங்கி நடித்தே காட்டுகிறார்கள். சாமியைச் சேற்றில் இறக்கி வேலை வாங்குகிற பாத்தியதை உழவர்களுக்குத்தானே உண்டு?

ஆடியில் கொடிசியா புத்தகத் திருவிழா. டிசம்பரில் விஷ்ணுபுரம் இலக்கிய விருது விழா. 2010இல் எழுத்தாளர் ஆ. மாதவனுக்கு வழங்கித் தொடங்கிய விருது அது. எழுத்தாளரை எதிரே உட்காரவைத்து வாசகர்கள் கேள்வி கேட்கும் அந்த அமர்வுகளுக்காகவே அந்த நாட்களில் நான் வேறெந்த வேலையையும் வைத்துக்கொள்வதில்லை.

ஆனால் என் உயிர் வள்ளி கும்மியில்தான் இருக்கிறது. வள்ளி தினைப்புனம் காத்ததையும் முருகன் அவளை மணந்ததையும் ஆசிரியர் பாடப் பாட, வட்டம் வட்டமாக நின்று அடி வைப்பார்கள். மெதுவாகத்தான் தொடங்கும். மேளம் முடுக முடுக, ஒரே நிறச் சேலையில் பாட்டியும் பேத்தியும் அடுத்தடுத்து நின்று சுழல்வார்கள். பேங்க்கில் வேலை பார்க்கிற அக்காவும், பனியன் கம்பெனிக்குப் போகிற பிள்ளையும், கல்லூரி மாணவியும் ஒரே வட்டத்தில்! சாயங்காலம் வேலை விட்டு வந்து, வாரக்கணக்கில் கோயில் திடலில் அடவு பழகி, பிறகு ஊரைக் கூட்டி அரங்கேற்றம் செய்கிறார்கள்.

ஒரு காலத்தில் இது ஆண்கள் ஆடிய ஆட்டம். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன் பெண்களையும் சேர்த்துக்கொண்டு கற்றுக்கொடுத்தார். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது எங்கள் தெருவுக்கே விருது வந்த மாதிரி பூரித்துப் போனேன். இன்றைக்கு எந்த வட்டத்தைப் பார்த்தாலும் பெண்கள்தான் அதிகம். அந்த மனுஷனுக்குக் கொங்குநாடு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது!

உங்கள் பக்கத்தில் எங்கே கும்மி அரங்கேற்றம் என்று காதில் விழுந்தாலும் போய்விடுங்கள். அம்மிணிகளே, போனால் நாற்காலி தேடாதீர்கள். அடுத்த பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள்.