லட்சுமணன் இல்லாத கடல்

ரவி வர்மா என்றதும் ஞாபகம் வருவது சரஸ்வதி, லட்சுமி, அப்புறம் அன்னத்தோடு பேசும் தமயந்தி. கடல் ஞாபகம் வராது. ஆனால் மனுஷர் தன் கடைசி வருஷமான 1906-ல் ஒரு புயல் கடலை வரைந்துவிட்டுத்தான் போயிருக்கிறார். மைசூர் அரண்மனைக்கு வரைந்த புராணப் படங்களில் ஒன்று. ஜெகன்மோகன் அரண்மனைக் கலைக்கூடத்தின் சொத்து.

கதை தெரிந்ததுதான். இலங்கைக்கு வழி கேட்டு ராமர் தர்ப்பைப் புல்லில் கிடக்கிறார். வால்மீகி கணக்கில் மூன்று நாள், கம்பர் கணக்கில் ஏழு. வருணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பொறுமை போய் வில்லை எடுக்கிறாரே, அந்த நிமிஷம்தான் படம். பாறை மேல் ராமர், நாணில் அம்பு, காற்றில் பறக்கும் துணி, வானத்தில் மின்னல். அலைகளுக்கு நடுவே பதறிப்போய் எழும் வருணன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். ராமர் கோபப்படவில்லை, கோபமாக நடிக்கிறார். அந்தக் காலத்து நாடகக் கம்பெனி ராஜபார்ட் போஸ். இன்னொரு இடறலும் உண்டு. இந்தச் சம்பவம் நடந்ததாக நம் ஊரில் சொல்லும் இடம் ராமநாதபுரம் பக்கத்துத் திருப்புல்லாணி. அங்கிருந்து சேதுக்கரைக்குப் போய்ப் பாருங்கள். மணல்தான். சாதாரண நாளில் கடல் குளம் மாதிரி கிடக்கும். படத்தில் இருப்பது பாறையில் மோதும் மேற்குக் கடல். கிளிமானூரில் பிறந்து பம்பாயில் தொழில் செய்தவருக்குப் பழக்கமான கடல் அதுதானே!

தண்ணீர் விஷயத்தில் ஈக்காட்டுத்தாங்கல்காரன் கொஞ்சம் கறாரானவன். தாங்கல் என்றாலே ஏரிதான். 2015 டிசம்பரில் அடையாறு எங்கள் தெருக்களுக்குள் வந்தபோது நுரையும் இல்லை, கர்ஜனையும் இல்லை. பழுப்பு நிறத்தில், சத்தமில்லாமல் படி படியாக ஏறியது. நிஜமான பயம் அப்படித்தான் வரும். அதனால் சித்திரத்தில் சீறும் அலைகள் என்னை அவ்வளவு சுலபத்தில் அசைப்பதில்லை. இந்தக் கடல் அசைத்தது. காரணம், அலை அல்ல. படத்தில் இல்லாத ஒருவர்.

லட்சுமணன் எங்கே?

வால்மீகியில் ராமர் தம்பியைப் பார்த்துத்தான் 'வில்லைக் கொண்டு வா' என்கிறார். அத்து மீறும்போது பாய்ந்து தடுப்பதும் தம்பிதான். ரவி வர்மாவின் பாறையிலோ ராமர் தனியாக நிற்கிறார்.

ரவி வர்மாவுக்கும் ஒரு லட்சுமணன் இருந்தார். சி. ராஜ ராஜ வர்மா. அண்ணனைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், அவரும் ஓவியர். மனுஷ முகம் அண்ணனுக்கு, மலையும் மரமும் ஆகாயமும் பெரும்பாலும் தம்பிக்கு. கடிதம், கணக்கு, பயண ஏற்பாடு எல்லாம் தம்பி தலையில். 1894-ல் பம்பாயில் ஆரம்பித்த பிரஸ், தெய்வங்களை ஏழைகளின் வீட்டுச் சுவருக்குக் கொண்டு போனது. கூடவே கடனும் ஏறியது. கடைசியில் அங்கே வேலை பார்த்த ஜெர்மன்காரர் ஷ்லைஷருக்கே விற்க வேண்டி வந்தது. அந்தத் தலைவலியிலும் தம்பிக்குப் பங்கு. இத்தனைக்கும் நடுவில் இங்கிலீஷில் டயரி வேறு எழுதியிருக்கிறார். அது 2005-ல் புத்தகமாக வந்தது. அண்ணனைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதி அந்த டயரியின் உபயம்.

1905-ல் தம்பி செத்துப் போனார். நாற்பத்து நாலு வயது. அண்ணனுக்கோ சர்க்கரை வியாதி, தளர்ச்சி. ஒப்புக்கொண்ட மைசூர் வேலையை முடித்தாக வேண்டும். மலையும் ஆகாயமும் போடத் தம்பி இல்லாத ஸ்டூடியோவில், படம் முழுக்கப் பின்னணியே கதாநாயகனாக நிற்கும் ஒரு காட்சியை வரைகிறார். முகத்தில் பழைய பழக்கம் தெரிகிறது. கடலில்தான் மனசு தெரிகிறது. கூப்பிட்டும் வராத ஒருவனை நோக்கி நாணேற்றி நிற்கும் மனிதர், பக்கத்தில் வில் எடுத்துக் கொடுக்கவோ கையைப் பிடித்துத் தடுக்கவோ ஆள் இல்லை. அது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

1906 அக்டோபர் 2-ம் தேதி அண்ணனும் போய்ச் சேர்ந்தார்.

பி.காம். படித்தவனுக்கு இந்தப் பேரேட்டில் ஒரு பதிவு இடிக்கிறது. வரவு முழுக்க அண்ணன் பேரில் எழுதியாகிவிட்டது. 1873-ல் சென்னை ஓவியக் கண்காட்சிப் பரிசிலிருந்து சிகாகோ மெடல் வரை. தம்பி பேரில் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. அடுத்த தடவை ரவி வர்மா படம் எதையாவது பார்த்தால், தேவியின் முகத்தைப் பார்த்து முடித்தபின் அவள் பின்னால் இருக்கும் ஆகாயத்தையும் ஒரு நிமிஷம் பாருங்கள். பாதி கணக்கு அங்கேதான் பாக்கி இருக்கிறது.