சுருக்கமும் விளக்கமும்: அலுவலக மடல்களின் தொடரமைப்பு – நன்னூல் வழி ஒரு நோக்கு

முன்னுரை

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை மாநில அரசின் அலுவல் மொழியாக்கியது. அதன்பின் ஆட்சித்தமிழ் குறித்து எழுந்த சிந்தனை பெரும்பாலும் சொல்லைச் சுற்றியே அமைந்தது. ஆங்கிலச் சொற்களுக்கு நேரான தமிழ்ச் சொற்களை ஆட்சிச்சொல் அகராதி வழங்கியது. ஆயினும் சொற்கள் தமிழான பின்னரும் மடல் பெறுபவருக்குப் பொருள் விளங்காத நிலை தொடர்கிறது. இதற்குக் காரணம் சொல்லைவிடத் தொடரமைப்பிலேயே மிகுதியாக உள்ளது என்பதை நன்னூலின் துணைகொண்டு இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நன்னூல் தரும் அளவுகோல்

பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் நூலுக்குரிய குற்றம் பத்தும் அழகு பத்தும் வகுத்துள்ளார். அழகுகளுள் 'சுருங்கச் சொல்லல்' முதலாவது. 'விளங்க வைத்தல்' அதனை அடுத்தது. இவ்விரண்டும் தனித்தனியே எண்ணப்பட்டமையால், ஒன்று அமைந்தால் மற்றொன்று தானே அமையும் எனக் கொள்ள இடமில்லை. 'மிகைபடக் கூறல்' போலவே 'குன்றக் கூறல்' என்பதும் குற்றமாகவே வைக்கப்பட்டுள்ளது.

இவை நூலுக்கு வகுக்கப்பட்டவை. அலுவலக மடலுக்கு அல்ல. ஆனால் அந்த வேறுபாடே விளக்கத்தின் தேவையை மிகுவிக்கிறது. நூற்பாவின் சுருக்கத்தை விரித்துரைக்க உரையாசிரியர் உண்டு. மடலுக்கு உரையாசிரியர் இல்லை. அது தன்னளவில் விளங்கியாக வேண்டும்.

குன்றக் கூறும் மடல்

முதியோர் உதவித்தொகை கோரிய ஒருவருக்கு வழக்கமான நடையில் எழுதப்படும் மறுமொழியைப் பின்வருமாறு அமைத்துக் காட்டலாம்:

"பார்வையில் காணும் மனுவின் மீது உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு, விதிகளின்படி தகுதியிருப்பின் ஆணை வழங்கப்படும் எனத் தெரிவிக்கப்படுகிறது."

பதின்மூன்று சொற்களாலான இத்தொடர் அளவில் சிறியதே. எனினும் இதன் மூன்று வினைகளும் செயப்பாட்டு வடிவில் உள்ளன. ஒன்றற்கும் எழுவாயாகச் செய்பவர் இல்லை. மனு யாரிடம் உள்ளது, எது குறைகிறது, மனுதாரர் செய்ய வேண்டுவது என்ன என்பன கூறப்படவில்லை. இதே செய்தியைப் பின்வருமாறு எழுத இயலும்:

"தங்கள் மனு வட்டாட்சியரிடம் உள்ளது. மனுவுடன் வயதுச் சான்று இல்லை. அதனை 15 நாட்களுக்குள் அளித்தால் அவர் தகுதியை ஆய்ந்து முடிவு செய்வார்."

இது முன்னையதைவிட நான்கு சொற்கள் மிகுதியானது. ஆயினும் இதுவே சுருக்கமானது. இதில் வெறுஞ்சொல் இல்லை. முன்னையதோ குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் ஒருங்கே அமைந்தது: வேண்டிய செய்தி குன்றியுள்ளது, 'எனத் தெரிவிக்கப்படுகிறது' என்பது மிகையாக நிற்கிறது.

செயப்பாட்டு வினையும் பொறுப்பும்

ஆணை தனிமனிதருடையதன்று, அலுவலகத்துடையது. ஆதலின் செயப்பாட்டு வினையே பொருந்தும் என்பது இந்நடைக்கு ஆதரவாகக் கூறத்தக்க வாதமாகும். இவ்வாதத்தில் உண்மையுண்டு. ஆனால் ஆளின் பெயரை விலக்குவது வேறு. பொறுப்புடைய பதவியின் பெயரை விலக்குவது வேறு. 'வட்டாட்சியர்' என்பது பதவிப்பெயர். அதனை எழுவாயாக்குவதால் ஆணையின் பொதுத்தன்மை குறைவதில்லை. அதனை விலக்கினால், தம் மனுவின் நிலையை அறிய விரும்பும் முதியவர் இடைத்தரகரை நாட நேர்கிறது. தொடரில் விடுபட்ட எழுவாய்க்கு அவர் தம் கைப்பொருளைச் செலவிடுகிறார்.

முடிவுரை

சொற்களின் எண்ணிக்கையைக் குறைப்பது மட்டும் சுருக்கமாகாது. படிப்பவர் அடுத்துச் செய்ய வேண்டுவதை ஐயமின்றி உணர்த்தி, அதற்கு மேல் எதையும் கூறாது நிற்பதே அலுவலக மடலுக்குரிய சுருக்கமாகும். ஆட்சித்தமிழ்ப் பயிற்சி கலைச்சொற்களோடு நில்லாது, எழுவாயும் வினைமுற்றும் அமையும் முறையையும் கற்பித்தல் வேண்டும். நன்னூலின் குற்றமும் அழகும் தேர்வுக்குரிய மனப்பாடப் பகுதியாக மட்டும் அமையாமல், மடல் எழுதுவோரின் திருத்தக் கருவியாகவும் பயன்படுவதற்கு உரியவை.