ஏழு வரியில் ஒரு தீ: செஸ்னா 172எஸ் கையேட்டில் ஒரு பக்கம்

கதைக்கும் கவிதைக்கும் மட்டும்தான் விமர்சனம் எழுதணும்னு ஒண்ணும் இல்லை. உயிர் போகிற நேரத்தில் வாசிக்கப்படும் எழுத்தையும் வரிவரியாகப் பார்க்கலாம். நான் எடுத்துக்கொண்டது செஸ்னா 172எஸ் என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தின் கையேடு. முள் கருவிகள் உள்ள பழைய பதிப்பு. அதன் மூன்றாம் பகுதியில் ‘பறக்கும்போது எஞ்சினில் தீ’ என்று ஒரு பட்டியல். ஏழே வரி.

முதல் வரியே எஞ்சினை நிறுத்தச் சொல்கிறது. மிக்ஸ்சர் குமிழை முழுக்க வெளியே இழு. அடுத்து, எரிபொருள் வால்வை மூடு, துணை பம்பை அணை, மாஸ்டர் சுவிட்சை அணை. இருப்பதே ஒரு எஞ்சின். அதை நம்ம கையாலேயே சாகடிக்கணும். மனசு கேட்காது. ஆனா வேற வழி இல்லை. எஞ்சின் அறையில் தீயணைப்பான் கிடையாது. தீக்கும் விமானியின் காலுக்கும் நடுவே இருப்பது ஒரு தீத்தடுப்புச் சுவர். அமெரிக்காவின் பழைய விதி அந்த இடத்துக்கு 0.38 மி.மீ. கன துருப்பிடிக்காத எஃகுத் தகடே போதும் என்று ஏற்றுக்கொண்டது. ஹீட்டர் காற்று உள்ளே வருவதும் அந்தச் சுவரில் இருக்கும் துளை வழியாகத்தான். ஐந்தாவது வரி அதை அடைக்கச் சொல்வது அதனால்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆறாவது வரி. எஞ்சின் இல்லாமல் அதிக தூரம் மிதக்க 68 நாட் வேகம். இங்கே 100 நாட் கேட்கிறார்கள். தூரம் போனால் போகட்டும், சீக்கிரம் கீழே வா, காற்று தீயை ஊதி அணைக்கட்டும் என்ற கணக்கு. அதற்கும் அணையலைன்னா, கலவை எரிய முடியாத ஒரு வேகம் கிடைக்கும்வரை, விமானத்தின் வரம்புக்குள், கூட்டிக்கொண்டே போகணும். எத்தனை நாட் என்று எண் தரவில்லை. தரமுடியாது என்பதை மழுப்பாமல் எழுதிய வரி.

இடிப்பது ஏழாவது வரி. ‘கட்டாயத் தரையிறக்கம்’ என்று சொல்லி, எஞ்சின் இல்லாமல் இறங்குவதற்கான வேறொரு பட்டியலுக்கு அனுப்பிவிடுகிறது. அந்தப் பட்டியலோ ஃபிளாப் 30 டிகிரி நல்லது என்கிறது. இறங்குவது உறுதியான பிறகு மாஸ்டரை அணைக்கச் சொல்கிறது. 172எஸ்-இல் ஃபிளாப் மின்சாரத்தில் ஓடுவது. மாஸ்டரை நாலாவது வரியிலேயே அணைச்சாச்சே! மறுபடி போடலாமா கூடாதா? இரண்டு பட்டியலும் வாயைத் திறப்பதில்லை. தனித்தனியா ரெண்டும் சரி. ஒன்றுக்கு ஒன்று பேசிக்கொள்ளவில்லை.

ரேடியோவும் அதே சுவிட்சோடு செத்துப்போகிறது. தண்ணீரில் இறங்குவதற்கான பட்டியல், 121.5 மெகாஹெர்ட்ஸில் ‘மேடே’ சொல் என்று தொடங்குகிறது. தீப் பட்டியலில் அந்தப் பேச்சே இல்லை. எரிபொருளை மூடுவதற்கு முன்னால் பேசிக்கொண்டிருக்கக் கூடாதுதான். ஆனா மூன்றாவது வரிக்கும் நாலாவது வரிக்கும் நடுவில் ஐந்து விநாடி ஒதுக்கியிருக்கலாம். எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதே என்ற எச்சரிக்கையும் பட்டியலில் இல்லை. பின்னால் வரும் விளக்கப் பத்தியில் ஒளிந்து கிடக்கிறது. புகைக்கு நடுவே அதுவரை யார் புரட்டுவார்?

ஏழாவது வரியில் ‘ஃபிளாப் வேலை செய்யாது, 70 நாட்டில் இறங்கு’ என்று சேர்த்திருந்தால் போதும். அந்த 70 நாட்டும் அவர்களுடைய எண்தான். ஃபிளாப் இறக்காமல் மிதக்க அந்த இன்னொரு பட்டியலே தருகிற வேகம்.